மாண்டரின் என்னும் அதிகாரி



சீனப் புத்தாண்டு வந்தால் பட்டணத்துக் கடைக்காரர் நம் பிள்ளைகளின் கையில் இரண்டிரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்தனுப்புவார். அந்தப் பழத்திற்கு மாண்டரின் என்று பெயர். சீனப் பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கும் மொழிக்கும் மாண்டரின் என்றே பெயர். பல நிறச் சிறகுள்ள ஒரு வாத்தையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் அழைக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்த ஒரு மாணவர் ஆங்கிலப் பத்திரிகையைப் பிரிக்கிறார். அமைச்சர் சம்மதித்துவிட்டார், ஆனால் மாண்டரின்கள் சம்மதிக்கவில்லை என்று ஒரு வரி வருகிறது. பழம் எப்படிச் சம்மதிக்கும், மொழி எப்படி மறுக்கும் என்று அவர் திகைத்துப் போனால் அது அவருடைய குற்றமன்று.

அந்த வரியில் வருகிற மாண்டரின் ஓர் அரசாங்க அதிகாரி. அந்தச் சொல்லைத்தான் இன்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். அடிக்கடி வருகிற சொல்லன்று. தேர்வில் வருமா என்று கேட்டால், பெரும்பாலும் வராது என்றே சொல்லிவிடலாம். ஆனாலும் தோட்டத்துக் குடும்பங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு இச்சொல்லில் ஒரு காரியம் இருக்கிறது. அது என்னவென்று போகப் போகப் பார்ப்போம்.

முதலில் பொருள். எல்லா அதிகாரியும் மாண்டரின் ஆகிவிட முடியாது. அஞ்சலகத்தில் முத்திரை குத்துகிறவர் மாண்டரின் அல்லர். பதிவு அலுவலகத்தில் சாளரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நம் பாரத்தை வாங்கிப் பார்க்கிறவரும் அல்லர். அமைச்சின் மேல்மாடியில், அமைச்சருக்கு அடுத்தபடியாக உட்கார்ந்திருக்கிற மிகச் சிலரே மாண்டரின்கள். இவர் தேர்தலில் நிற்பதில்லை. ஓட்டுக் கேட்டு நம் லயத்துப் பக்கம் வருவதுமில்லை. ஆனால் ஒரு கோப்பு எந்த மேசைக்குப் போக வேண்டும், எப்போது போக வேண்டும், அதன் ஓரத்தில் என்ன குறிப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் இவர் கையில் இருக்கிறது. அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். இவர் இருப்பார். 2018 மே மாதத்தில் மலேசியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக மத்திய அரசாங்கம் மாறியதே, அப்போது அமைச்சர்களின் பெயர்ப் பலகைகள் எல்லாம் கழற்றப்பட்டன. அமைச்சு அலுவலகங்களில் இருந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் மறுநாளும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இச்சொல்லில் பாதி மரியாதை, பாதி குத்தல். திறமைசாலி, படித்தவர் என்பது மரியாதை. மக்களைவிட்டு எங்கோ உயரத்தில் இருக்கிறார், கேட்டால் பதில் சொல்லமாட்டார் என்பது குத்தல். இரண்டில் எது தூக்கலாக இருக்கிறது என்பது எழுதுகிறவரின் மனநிலையைப் பொறுத்தது.

தோட்டத்தை வைத்துப் பார்த்தால் சுலபமாக விளங்கும். ரப்பர் தோட்டங்கள் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கையில் இருந்த நாளில், விடியற்காலைப் பிரட்டில் நம் பெரியவர்கள் பார்த்த அதிகாரம் மண்டோர், கங்காணி, கிராணி, சின்ன துரை, பெரிய துரை என்று படிப்படியாக மேலே போகும். பெரிய துரைக்கு மேல் யாரென்று கேட்டால் பலருக்குத் தெரியாது. பட்டணத்தில் ஒரு ஏஜென்சிக் கம்பெனி இருந்தது. கடலுக்கு அப்பால் லண்டனில் இயக்குநர்கள் இருந்தார்கள். கூலி விகிதமோ புது மரம் நடுவதோ அங்கேயிருந்து வரும் ஒரு கடிதத்தில் முடிவாகும். ‘கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்’ என்பதோடு துரை பேச்சை முடித்துக்கொள்வார். அரசாங்கத்தில் அப்படிப்பட்ட ஓரிடத்தில், நம் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவரைத்தான் ஆங்கிலத்தில் மாண்டரின் என்கிறார்கள்.

இனி, சொல் வந்த வழி. இதில்தான் வேடிக்கை இருக்கிறது. மாண்டரின் என்பது சீனச் சொல் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சீனர்கள் தங்கள் அதிகாரியை மாண்டரின் என்று அழைத்ததே கிடையாது. அவர்களுடைய சொல் குவான் என்பது. சிலர் ஒரு கதை சொல்வார்கள்: சீனத்தை ஆண்ட மஞ்சு இனத்தாரை ‘மான் தாரென்’, அதாவது மஞ்சுப் பெருமகனார் என்று மக்கள் அழைத்தார்களாம், அதுவே மாண்டரின் ஆயிற்றாம். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் கணக்குப் பொருந்தவில்லை. மஞ்சுக்கள் பெய்ஜிங்கைப் பிடித்தது 1644-இல். மாண்டரின் என்னும் சொல் 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ஆங்கில நூல்களில் ஏறிவிட்டது. பிள்ளை பிறந்த பிறகா தாய்க்குக் கல்யாணம்?

உண்மையான வழி நம் மண் வழியாகவே போகிறது. 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அது வரையில் அங்கே சுல்தானின் ஆட்சி. அரசவையில் இருந்த பெரியவர்களுக்கு மலாய் மொழியில் மந்தெரி என்று பெயர். போர்த்துக்கீசியர் அச்சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1513-இல், மலாக்காவிலிருந்து அவர்களில் ஒருவர் கப்பலேறிச் சீனக் கரையை அடைந்தார். 1517-இல் ஒரு தூதுக்குழுவே போயிற்று. அங்கே பட்டாடை உடுத்தி, பல்லக்கில் வந்த அதிகாரிகளை என்ன சொல்லி அழைப்பது? கையில் மலாக்காச் சொல் இருந்தது. அதையே எடுத்துப் போட்டார்கள். அவர்கள் வாயில் மந்தெரி, மந்தாரிம் ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் மாண்டரின் ஆயிற்று.

மலாய் மந்தெரி எங்கிருந்து வந்தது? அதை நாம் சொல்லவும் வேண்டுமா? வடமொழியிலிருந்து நமக்கு வந்த மந்திரியும் அதுவும் ஒன்றே. பிரதமரைக் குறிக்கும் பெர்டானா மந்தெரியில் முன்பாதி நம் ‘பிரதான’ என்பது. மலாக்கா சுல்தானின் முதலமைச்சருக்குப் பெயர் பெண்டஹாரா. அதற்குள் நம் பண்டாரம், அதாவது பொருள் வைக்கும் அறை, ஒளிந்திருக்கிறது. மன்னர்கள் உள்ள மாநிலங்களில் அரசாங்கத் தலைவரை மந்திரி புசார் என்று நாம் தமிழ்ப் பத்திரிகையில் எழுதும்போது, மலாய் எங்கே முடிகிறது, தமிழ் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியுமா?

போகிற வழியில் இச்சொல்லுக்கு ஒரு மாற்றம் நேர்ந்தது. மந்திரி என்றால் மந்திரம் உடையவர். இங்கே மந்திரம் என்பது ஆலோசனை. மந்திராலோசனை என்று நாம் சேர்த்தே சொல்கிறோம். ஆக, மந்திரியின் வேலை அரசனுக்கு யோசனை சொல்வது. ஆனால் போர்த்துக்கீசிய மொழியில் மந்தார் என்று ஒரு வினைச்சொல் உண்டு. ஏவுதல், உத்தரவிடுதல் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் உத்தரவைக் குறிக்கும் கமாண்ட் என்னும் சொல்லும் அதே இலத்தீன் வேரில் முளைத்ததே. மந்தெரி என்ற ஒலி காதில் விழுந்ததும் போர்த்துக்கீசியருக்குத் தங்கள் மந்தார் நினைவுக்கு வந்திருக்க வேண்டும் என்று மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். யோசனை சொல்கிறவர் உத்தரவு போடுகிறவராக மாறிவிட்டார். சொல்லின் ஓசை மாறியதைவிட இந்த மாற்றம் பெரிது என்பது நம் எண்ணம்.

இங்கே இன்னொருவரையும் கூப்பிட வேண்டும். அவர் நம் தோட்டத்து மண்டோர். மண்டோர் என்பது தமிழும் அன்று, ஆங்கிலமும் அன்று. போர்த்துக்கீசிய மொழியில் ஏவுகிறவனுக்கு மந்தாதோர் என்று பெயர். அது மலாயில் மண்டோர் ஆகி, பால் வெட்டுகிற காட்டுக்கு வந்து சேர்ந்தது. லண்டன் அமைச்சின் மாண்டரினும், வெட்டுக்காட்டு மண்டோரும் அந்த ‘மந்தார்’ வழியில் ஒருவகைச் சொந்தக்காரர்கள் என்றால் இருவருமே நம்பமாட்டார்கள்! கங்காணி மட்டும் வேறு. அவர் பெயர் கண்காணி, கண்ணால் கண்டு மேற்பார்க்கிறவர், தமிழுக்கே உரியவர். அந்தச் சொல்லை ஆங்கில அகராதிக்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

சரி, அந்தச் சீன அதிகாரி எப்படிப்பட்டவர்? இன்றைய ஆங்கிலச் சொல்லில் இருக்கும் மரியாதையும் குத்தலும் அவரிடமிருந்தே வந்தவை. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அவர் பிறப்பால் அதிகாரி ஆனவர் அல்லர். தேர்வு எழுதி ஆனவர். சீனத்தில் அரசாங்கத் தேர்வு முறை ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முளைவிட்டு, 1905-இல் ஒழிக்கப்படும் வரையில் சுமார் 1,300 ஆண்டுகள் நடந்தது. மாவட்டத்தில் ஒரு தேர்வு, மாநிலத்தில் ஒரு தேர்வு, தலைநகரில் ஒரு தேர்வு. மாநிலத் தேர்வுக்குப் போனவர்கள் வரிசை வரிசையான சிறு அறைகளில் அடைபட்டு, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, நாள் கணக்கில் எழுதினார்கள். தேர்வாளர் ஆள் தெரிந்து மதிப்பெண் போட்டுவிடக்கூடாதே என்று தாளில் பெயரை மறைத்தார்கள். அதோடு விட்டார்களா? கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், எழுத்தர்களை உட்காரவைத்து ஒவ்வொரு விடைத்தாளையும் வேறு தாளில் பார்த்தெழுதச் செய்து, அந்தப் படியைத்தான் தேர்வாளருக்கு அனுப்பினார்கள். ஏழை உழவன் மகனும் தேறலாம் என்பது சட்டம். ஆண்டுக்கணக்கில் வேலை செய்யாமல் படிக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அதிகம் தேறினார்கள் என்பது நடப்பு. பெண்களுக்கு அந்த வாசல் மூடியே இருந்தது.

தேறியவருக்கு ஒன்பது படிநிலைகள். இன்ன படியில் இருக்கிறார் என்பது பார்த்தவுடனே தெரியும். தொப்பியின் உச்சியில் படிக்கு ஏற்ற குமிழ். மார்பில் சதுரமாக ஒரு தையல் சித்திரம். எழுத்து வேலை பார்க்கும் அதிகாரிக்குப் பறவை, படை அதிகாரிக்கு விலங்கு. எழுத்து அதிகாரிகளில் முதல் படியில் இருந்தவரின் மார்பில் கொக்கு இருந்தது. மாண்டரின் ஆரஞ்சுக்கு அந்தப் பெயர் வந்தது அதிகாரிகளின் அங்கி நிறத்தால் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம்.

இவற்றைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. சொந்த மாநிலத்தில் ஓர் அதிகாரி பதவி வகிக்கக்கூடாது. உறவுக்காரனுக்கும் ஊர்க்காரனுக்கும் சலுகை காட்டிவிடுவார் என்ற பயம். நல்ல விதிதான். ஆனால் விளைவைப் பாருங்கள். கேண்டனில் பிறந்தவர் வடக்கே போகிறார். அங்குள்ள மக்களின் பேச்சு அவருக்கு விளங்காது, அவர் பேச்சு மக்களுக்கு விளங்காது. அதிகாரிகள் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு பொதுப் பேச்சு தேவைப்பட்டது. அதற்குக் குவான்ஹுவா, அதாவது அதிகாரிகள் பேச்சு, என்று பெயர். வெளிநாட்டார் அதை அப்படியே மொழிபெயர்த்து மாண்டரின் மொழி என்றார்கள். சீன மொழிக்கு அதிகாரியின் பெயர் வந்தது இப்படித்தான். மக்கள் பேச்சைப் புரிந்துகொள்ளாமலே மக்களை ஆள முடிந்த ஒரு கூட்டத்தின் பேச்சு அது. (நம் தோட்டங்களில் இது தலைகீழாக இருந்தது. சின்ன துரையாக வந்த வெள்ளைக்காரர்கள் தமிழ்த் தேர்வில் தேற வேண்டும் என்று பல கம்பெனிகள் எதிர்பார்த்தன. அவர்கள் கற்றது பெரும்பாலும் ஏவல் தமிழ் என்பது வேறு விஷயம்.)

சீனத்துச் சொல் லண்டனுக்கு எப்படிப் போயிற்று? 1854 வரையில் பிரிட்டனில் அரசாங்க உத்தியோகம் என்பது பெரிய மனிதர்களின் சிபாரிசில் கிடைத்த ஒன்று. அந்த ஆண்டில் நார்த்கோட், டிரவெலியன் என்ற இருவர் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். சிபாரிசு வேண்டாம், போட்டித் தேர்வு வைத்து ஆளெடுங்கள் என்றார்கள். இந்த டிரவெலியன் 1859-இல் சென்னைக்குக் கவர்னராகவும் வந்தவர். இந்தியாவை ஆள அனுப்பும் அதிகாரிகளுக்கு 1855-லேயே போட்டித் தேர்வு தொடங்கிவிட்டது. தேர்வெழுதி வந்து, ஆயுள் முழுதும் பதவியில் இருந்து, அமைச்சருக்குப் பின்னால் நின்று நாட்டை நடத்தும் ஒரு வகுப்பு உருவானது. இதைப் பார்த்து, ‘நம்மூரிலும் மாண்டரின்கள் வந்துவிட்டார்கள்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். லண்டனில் அமைச்சுகள் இருக்கும் வீதிக்கு வைட்ஹால் என்று பெயர். வைட்ஹால் மாண்டரின்கள் என்பது இன்றும் ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிபடும் தொடர். 1980-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ‘எஸ் மினிஸ்டர்’ என்று ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. அதில் வரும் சர் ஹம்ப்ரி என்ற அதிகாரி, ‘ஆகட்டும் அமைச்சரே’ என்று வாயால் சொல்லிக்கொண்டே காரியம் நடக்காமல் பார்த்துக்கொள்வார். மாண்டரின் என்றால் என்ன என்பதை அகராதியைவிட அவர் நன்றாக விளக்குகிறார்.

இதில் ஒரு முரண். அமைச்சரைக் குறிக்கும் மினிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இலத்தீனில் ஊழியன் என்று பொருள். ஊழியன் என்ற பெயர்க்காரர் மேலே இருக்கிறார். யோசனைக்காரன் என்ற பெயர்க்காரர் கீழே இருந்து உத்தரவைத் தயாரிக்கிறார்.

தொடக்கத்தில் சொன்ன காரியத்துக்கு வருவோம். நம் பேச்சில் ‘அதிகாரி’ என்ற ஒரே சொல்லில் அனைவரையும் அடைத்துவிடுகிறோம். பியூனுக்கு மேல் யாராயிருந்தாலும் அதிகாரி. இதனால் நமக்கு நேர்ந்த நஷ்டம் கொஞ்சமன்று. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றது அது. 1969-இல் அது நடைமுறைக்கு வந்தபோது, பல்லாண்டு காலம் தோட்டத்திலேயே உழைத்தும் குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் இருந்துவிட்ட நம்மவர் பலர் கையில் சிவப்பு அடையாளக் கார்டு மட்டுமே இருந்தது. ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். பெர்மிட்டுக்கு அலைந்தவர்கள் யாரிடம் கோபப்பட்டார்கள்? பாரத்தைத் திருப்பிக் கொடுத்த சாளரத்துக் கிராணியிடம். அவர் அந்தச் சட்டத்தை எழுதியவரா? விதியைத் தளர்த்த அவருக்கு உரிமை உண்டா? இரண்டும் இல்லை.

ஒரு சட்டம் நம் வீட்டு வாசலுக்கு வருமுன் மூன்று கைகள் மாறுகிறது. நாடாளுமன்றம் சட்டத்தை இயற்றுகிறது, அமைச்சர் அதற்குப் பொறுப்பேற்கிறார். அமைச்சின் உயர் அதிகாரிகள் அதற்கான விதிகளைத் தயாரிக்கிறார்கள்: எத்தனை பாரம், என்னென்ன சான்று, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் அங்கேதான் எழுதப்படுகிறது. மூன்றாவதாகச் சாளரத்தில் இருப்பவர், எழுதியிருப்பதை நடத்துகிறார். பிறப்புப் பத்திரத்தில் பெயர் தவறியிருந்தால், நம் பாரம் காணாமற்போனால், அது மூன்றாவது கையின் காரியம். அந்த அலுவலகத்தின் தலைவரைப் பார்த்தால் போதும். ஆனால் விதியே பொருந்தாமல் இருந்தால், தாத்தாவுக்குப் பிறப்புப் பத்திரமே கிடையாது என்ற நிலையில் அதைக் கொண்டு வா என்று விதி கேட்டால், சாளரத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. அது இரண்டாவது கை எழுதியது. அந்தக் கையை நாம் நேரே பிடிக்க முடியாது. அமைச்சர் வழியாகத்தான் பிடிக்க முடியும். ஏனென்றால் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டியவர் அமைச்சர், மாண்டரின் அல்லர். தொகுதி உறுப்பினரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, அவரைக் கேள்வி கேட்க வைப்பது அதற்குரிய வழி.

மாண்டரின் என்ற சொல் ஆங்கிலத்தில் குத்தலாக ஒலிப்பதற்குக் காரணமும் இதுதான். பதில் சொல்லத் தேவையில்லாத ஒருவரிடம் அதிகாரம் போய்ச் சேர்ந்துவிட்டதோ என்ற சந்தேகம் வரும்போது அச்சொல் எழுகிறது. இன்னொரு பக்கமும் உண்டு. மருமகனுக்குக் குத்தகை கொடு என்று அமைச்சர் சொல்லும்போது, ‘விதி இடம் கொடுக்காது’ என்று மறுக்கக்கூடியவரும் அதே மாண்டரின்தான். ஓட்டுக்கு அஞ்சாதவர் என்பதால் நல்லதையும் தடுக்கிறார், கெட்டதையும் தடுக்கிறார். அவரை முழுக்கத் திட்டவும் நமக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, சொல்லைப் பயன்படுத்தும் முறை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது சீன மொழி. சிறிய எழுத்தில் தொடங்கினால் அதிகாரியாகவோ பழமாகவோ இருக்கும், முன்பின் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகாரியைக் குறிக்கையில் பெரும்பாலும் பன்மையில் வரும், முன்னால் ஓர் இடத்தின் அல்லது துறையின் பெயர் நிற்கும்: வைட்ஹால் மாண்டரின்கள், கல்வி அமைச்சு மாண்டரின்கள் என்பதைப் போல. சுற்றி வளைத்து, அலங்காரமாக எழுதும் நடையையும் மாண்டரின் நடை என்று ஆங்கில விமர்சகர்கள் சொல்வதுண்டு. அது நமக்கு அவ்வளவு தேவைப்படாது.

இது முகத்துக்கு நேரே சொல்லும் சொல்லன்று, பின்னால் பேசும் சொல். ஆகவே மனு எழுதும் மாணவர்கள் ‘மதிப்பிற்குரிய மாண்டரின் அவர்களுக்கு’ என்று தொடங்கிவிடக்கூடாது. அமைச்சின் தலைமைச் செயலாளர் அவர்களுக்கு என்பதே முறை. மலாயில் கட்டுரை எழுதும்போதும் கவனம் தேவை. வேர் ஒன்று என்பதற்காக மாண்டரின் வரவேண்டிய இடத்தில் மந்தெரி என்று போட்டுவிட்டால், அதிகாரியைத் தூக்கி அமைச்சர் நாற்காலியில் உட்காரவைத்ததாகிவிடும்.